சுவரில் ஒரு ‘இல்லை’

சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கக் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, எங்கள் வீட்டு முன்சுவரில் ‘இல்லை’ திரும்பி வந்திருந்தது. புதன்கிழமைதான் அப்பாவும் நானும் அந்த ஒரு சொல்லின் மேல் இரண்டு கை வெள்ளை அடித்திருந்தோம். இரண்டாவது கை அடித்து முடித்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். பிறகு இன்னும் தள்ளி, பஸ் நிற்கும் இடத்திலிருந்தும் பார்த்தேன். சுத்தமாக மறைந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னதும் நான்தான். இப்போது அந்த வெள்ளை கொப்புளம் கொப்புளமாக உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து நடைபாதையில் கிடந்தது. உதிர்ந்த இடத்தில் பழைய சிவப்பு எழுத்து முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது. ‘இந்த வீடு விற்பனைக்கு இல்லை.’

“நெலி! வீட்டுக்கே விக்க இஷ்டமில்லையாம்டி. எழுதியே காட்டுது பாரு!”

எதிர்ச்சாரியிலிருந்து கத்தியவள் ஒர்த்தென்சியா. காலையில் கினுவாத் தானியக் கஞ்சியும் ரொட்டியும் விற்கும் வண்டி வைத்திருக்கிறாள். ஞானஸ்நானத்தில் எனக்கு ஞானத்தாயாக நின்றவள். ஆகையால் அவளும் அம்மாவும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த இரண்டு மினிபஸ் டிரைவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பதினொரு மணிக்கு வீடு பார்க்க முதல் ஆள் வருவதாக இருந்தது.

இந்த வாக்கியம் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் சுவரில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது மேல் வரிசையில் ஒரு குடும்பம் திருவிழாவுக்கு மலையூருக்குப் போய்விட்டுத் திரும்பியது. வந்து பார்த்தால் கதவில் வேறு பூட்டு. உள்ளே வேறொரு குடும்பம் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் பொய்ப் பத்திரம் காட்டி வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தான். உள்ளே இருந்தவர்களும் பாவம், காசு கொடுத்து ஏமாந்தவர்கள். அதற்கடுத்த வாரமே தெருவில் ஆளாளுக்குச் சுவரில் எழுத ஆரம்பித்தார்கள். அப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பஸ்ஸில் போகிறவனுக்கும் படிக்கத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் முழங்கை நீளத்துக்கு எழுதினார். அதற்காக வாங்கிய எண்ணெய்ப் பெயின்ட் நல்ல சாதி. அது மட்டும்தான் இத்தனை வருட ஈரத்துக்கும் அசையாமல் நின்றது.

மற்றதெல்லாம் அசைந்துவிட்டது. எங்கள் பேட்டையான வில்யா மரியாவின் குன்றடியில் மே மாதம் குளிர்காலம் தொடங்கிவிட்டால் நவம்பர் வரை சூரியனைப் பார்க்க முடியாது. மழை என்றும் சொல்ல முடியாது, மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. பஞ்சைப் பிழிந்த மாதிரி காற்றிலேயே நீர் தொங்கிக்கொண்டிருக்கும். துவைத்த துணி நான்கு நாள் கயிற்றில் கிடந்தாலும் நாற்றத்தோடுதான் உள்ளே வரும். தரையிலிருந்து ஓதம் சுவரில் ஏறி இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் பூச்சு மாவாக உதிரும். அதற்கு மேலே கறுப்புப் பூஞ்சை. அம்மா வாரம் ஒருமுறை கிருமிநாசினி போட்டுத் தேய்ப்பாள், அடுத்த வாரம் அதே இடத்தில் அதே உருவத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

அதே ஈரம் அப்பாவின் நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருந்தது. போன குளிர்காலத்தில் இரண்டு தடவை அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாவது தடவை உதடு நீலமாகிவிட்டது. அடுத்த குளிரையும் இங்கேயே கழித்தால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். வெயில் இருக்கிற இடமாகப் போகச் சொன்னார். சோசிகாவில் பெரியம்மா இருக்கிறாள். நகரத்தை விட்டு மலைப்பக்கம் ஏறிப்போனால் வரும் ஊர். இங்கே மூடிக்கிடக்கும் நாளிலும் அங்கே வெயில் அடிக்கும். அவள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு எலுமிச்சை மரமும் விலைக்கு வந்தன. உரிமையாளர் பெரியம்மாவுக்காக ஜூன் முடியும்வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். எங்கள் வீடு விற்றால்தான் அதை வாங்க முடியும்.

ஆக, விற்பதா வேண்டாமா என்பதில் வீட்டில் சண்டை இல்லை. ரிப்பேர் செய்துவிட்டு விற்பதா, இருக்கிறபடியே விற்பதா என்பதில்தான் சண்டை.

“உளுத்துப் போன வீட்ட ஒருத்தன் தலையில கட்டிட்டு என்னால போக முடியாது” என்றார் அப்பா. “அவன் மொத நாள் ராத்திரி இங்க படுத்துக்கிட்டு என்னத் திட்டுவான். எனக்கு அங்க தூக்கம் வருமா?”

“இங்க படுத்தா மட்டும் வருதா? ராத்திரி பூரா பழைய பஸ்ஸு மாதிரி இழுக்கிற” என்றாள் அம்மா. அம்மாவின் பெயர் செனோபியா. அப்பாவைக் கிழவா என்றுதான் கூப்பிடுவாள், முப்பது வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டாளாம். “நீ சுவத்தப் பூசி முடிக்கறதுக்குள்ள உன்னையே கல்லறையில வச்சுப் பூசிடுவாங்க, கிழவா.”

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். “இவ கட்டட வரைபடம் படிக்கறா. இவ சொல்லட்டும்.”

காலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதுவரை நான் வரைந்தது ஒரு கழிவறையும் ஒரு மாடிப்படியும்தான். அதிலும் மாடிப்படியில் ஒரு படி அதிகமாக வந்துவிட்டது. ஆனாலும் அப்பா கேட்ட விதத்தில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். எது முதலில், எது பிறகு என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். வருகிறவர் கண்ணில் முதலில் படுவது முன்சுவர், பிறகு முன்னறை, பிறகு சமையலறை, கடைசியில்தான் கூரை ஒழுகுவது. அந்த வரிசையிலேயே சரிசெய்துகொண்டு போகலாம், நடுவில் யாராவது வந்தால் முடிந்த வரைக்கும் காட்டலாம் என்று சொன்னேன். சொல்லும்போது நியாயமாகத்தான் பட்டது. வேலை இழுத்தால் என் பருவத் தேர்வு முடியும்வரை இங்கேயே இருக்கலாம் என்ற ஆசையும் அதில் கலந்திருந்ததா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். இருந்திருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அப்பா மட்டும், வாத்தியார் தீர்ப்புச் சொன்ன மாதிரி, “பாத்தியா?” என்று அம்மாவைப் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க நான் மருந்துக்கடைக்குப் போன நேரத்தில் அவர் முன்னறைச் சுவரைத் தகட்டுக் கரண்டியால் சுரண்டினார். துணியை மூக்கில் கட்டச் சொன்னால் கட்டுவார், நான் திரும்பினதும் கழற்றிவிடுவார். மாலையில் வந்து பார்த்தால் தலைமுடி, புருவம், மீசை எல்லாம் உப்புத் தூளாக இருக்கும். இருமல் அடியிலிருந்து வந்தது. நான் கேட்டால், “தூசுதான், மகளே. இது போயிடும்” என்றார். சுவர் வெள்ளையாகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து நான் மற்றதைக் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை ரொட்டியோடு உள்ளே ஓடி அப்பாவிடம் ‘இல்லை’யைப் பற்றிச் சொன்னேன். பாதி காபியை அப்படியே வைத்துவிட்டு, மேல்சட்டைகூடப் போடாமல் கரண்டியோடு வெளியே போனார். உதிர்ந்த இடத்தைச் சுரண்டி இன்னொரு கை வெள்ளை அடித்தார். பதினொரு மணிக்கு வாங்க வந்தவர் தெருமுனையில் திரும்பியபோது வெள்ளை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ‘இல்லை’ ரோஜா நிறத்தில் தெரிந்தது.

வந்தவர் பள்ளிக்கூட ஆசிரியர். பளபளவென்று துடைத்த ஷூ. நல்ல மனிதராகத்தான் இருந்தார். தெருவில் நின்று வாக்கியத்தை மெல்லப் படித்துவிட்டு, “விக்கறீங்களா இல்லையா?” என்று கேட்டார். அப்பா சிரித்து மழுப்பினார். ஆசிரியர் உள்ளே வந்து முன்னறையில் நின்றார். ஜன்னலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். பிறகு குனிந்து, இடுப்புக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எங்கள் ஊரில் யார் வீடு பார்க்கப் போனாலும் அதைத்தான் செய்வார்கள். நாங்களே எத்தனையோ வீட்டில் செய்திருக்கிறோம். வேலையை வரிசைப்படுத்தியபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

“எப்ப பெயின்ட் அடிச்சீங்க?”

“இந்த வாரந்தான்” என்றார் அப்பா. ஆசிரியர் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மத்த ரூமுக்கெல்லாம் அடிக்கலையே. இந்த ரூமுல எத மறைக்கறீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. கடைக்காரரிடம் தக்காளி எந்த ஊர் என்று கேட்கும் குரலில் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். பதில் வரவில்லை, இருமல்தான் வந்தது. ஆரம்பித்தது நிற்கவில்லை. ஆசிரியர் ஒரு நிமிடம் சங்கடமாக நின்றார், பிறகு தண்ணீர் கொடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். மதியத்துக்குள் அப்பாவைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தவரின் மீசையில் அப்போதும் உப்புத் தூள் இருந்தது. அம்மா எப்போதும் தன் தோளில் கிடக்கும் சால்வையின் முனையை எச்சிலில் நனைத்து அதைத் துடைத்தாள். என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் சூப் குடித்து முடித்ததும் அப்பாவைக் காணோம். மொட்டை மாடியில் இருந்தார். எங்கள் வீட்டு மாடியிலும், தெருவில் எல்லா மாடியிலும் போல, தூண்களின் கம்பிகள் வெட்டாமல் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அடுத்த தளம் கட்டுவதற்காக விட்டவை. துரு ஏறாமல் இருக்கவும் யார் கண்ணிலும் குத்தாமல் இருக்கவும் ஒவ்வொரு கம்பி நுனியிலும் ஒரு காலி சோடா பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார்கள். காற்றடித்தால் பாட்டில்கள் ஊதும். அந்தச் சத்தத்தின் கீழேதான் நான் தூங்கி வளர்ந்தேன். மேல்தளம் என் அண்ணன் வில்பருக்கு என்று இருந்தது. அவன் சிலி நாட்டுக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் பண்ணி, அங்கேயே ஒரு வீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். அப்பா அதன் பிறகும் வருடாவருடம் பழைய பாட்டிலை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார். அன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், மூச்சு வாங்க, ஒவ்வொரு கம்பிக்கும் நடுவில் நின்று நின்று.

“அப்பா” என்றேன். எப்படித் தொடங்குவது என்று படியில் ஏறும்போதே யோசித்து வைத்திருந்தேன், அது மறந்துவிட்டது. “நான் சொன்னது தப்பு. ரிப்பேர் வேண்டாம். இருக்கிறபடியே வித்துடலாம்.”

அவர் பாட்டிலைத் திருகி அழுத்தினார்.

“குறைச்சலாக் கேட்பாங்க” என்றார்.

“கேட்கட்டும். பெரியம்மா வீட்டுப் பின்னாடி வாங்கற அளவுக்கு வந்தாப் போதும்.”

“கேட்பாங்க, கொடுக்கலாம். அது இல்ல.” கையில் இருந்த பழைய பாட்டிலைப் பார்த்தார். உட்பக்கம் பனிபோல் நீர் கட்டியிருந்தது. “வர்றவன் இங்க ஏறி வந்து இதப் பாப்பான். கிழவன் கம்பிய நட்டுட்டு அப்படியே விட்டுட்டான்னு நினைப்பான். சுவரு உப்பு அடிச்சா ஊரு அப்படி. இது நான் முடிக்காம விட்டது.”

 அவர் முன்னறையைச் சுரண்டியது முன்னறைக்காக இல்லை என்று அப்போது ஒரு கணம் பட்டது. அதுவும் என் ஊகம்தான். நான் மீதிப் பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாக அவரிடம் கொடுத்தேன். கடைசிக் கம்பி முடிந்ததும், “அடுத்தாப்ல வர்றவங்கள நீயே பாத்துக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அன்று மாலையே நான் சிவப்புப் பெயின்ட் டப்பா ஒன்று வாங்கி வந்து திறந்தேன். இனி மறைப்பதில்லை என்று முடிவாகிவிட்டதால், திரும்பத் தலைகாட்டிய ‘இல்லை’யின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அதற்குக் கீழே ‘இருக்கும் நிலையில்’ என்று சின்னதாக எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. அளவுகோல் வைத்து எழுதியிருக்கலாம்.

ஒர்த்தென்சியா வண்டியைக் கழுவிக்கொண்டே படித்தாள். “இருக்கும் நிலையிலன்னா? உங்க அம்மாவும் உள்ள இருக்காளே, அவளையும் சேத்தா?”

“என்னைய வாங்கறதுக்கு இந்தத் தெருவுல எவன்கிட்ட காசு இருக்கு, கொமாத்ரே” என்றாள் அம்மா ஜன்னலிலிருந்து.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மௌராவும் அவள் கணவர் ஆப்தோனும் வீடு பார்க்க வந்தார்கள். உவான்கவெலிகா மலையூர்க்காரர்கள், சந்தையில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம், குன்றின் மேல் வரிசையில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆப்தோன் அதிகம் பேசாத ஆள். மௌரா அவருக்கும் சேர்த்துப் பேசினாள். வந்ததும் அவள் சுவரில் கை வைக்கவில்லை. “மாடிக்குப் போகலாமா?” என்றாள்.

 அப்பா சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் முன்னே ஏறினேன். பின்னால் அவர்கள். அவர்களுக்குப் பின்னால், வர மாட்டேன் என்றவரின் செருப்புச் சத்தமும் மெதுவாக ஏறி வந்தது.

ஆப்தோன் ஒரு பாட்டிலை எடுத்து, கம்பி நுனியைச் சாவியால் சுரண்டிப் பார்த்தார். அடுத்த தூணுக்குப் போனார். அங்கேயும் சுரண்டினார். நான்கு மூலையும் சுற்றி வந்தார். எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் பாட்டில் வைக்காத கம்பிகள் காவி நிறத்தில் இளைத்துப்போய் நின்றன. அவர் அவற்றையும் பார்த்தார், எங்களுடையதையும் பார்த்தார்.

“யாரு பாத்துக்கிட்டது இத?” என்று கேட்டார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்புறம் அப்பா, “நான்தான்” என்றார், தப்புச் செய்தவர் மாதிரி.

“நல்ல கம்பி, அண்ணே. நேரா மேல எழுப்பிக்கலாம்” என்றார் ஆப்தோன். மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்றவர் திறந்துவிட்டார். கூரை ஒழுகும் இடத்துக்கு அவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். கீழே இறங்கும்போது மூன்றாவது படி மற்றதைவிட உயரம் என்று சொல்லி, ராத்திரியில் கவனமாக இறங்கச் சொன்னார். சமையலறைக் குழாய் எங்கே கசிகிறது, பின்கதவு எந்த மாதத்தில் உப்பி மாட்டிக்கொள்ளும், அதை எந்த இடத்தில் உதைத்தால் திறக்கும் என்று உதைத்தே காட்டினார். முன்னறைக்கு வந்து, வெள்ளை அடித்த சுவரில் தானே விரலை வைத்து அழுத்தினார். பூச்சு பொலபொலவென்று கொட்டியது. “இது இப்பப் பண்ணின மேல்பூச்சு, நம்பாதீங்க. உள்ள பூரா உப்பு” என்றார். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர் மாதிரி ஒன்றைச் சொல்லி முடித்ததும் அடுத்ததைத் தேடினார். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நடுவில் ஒருமுறைகூட இருமவில்லை என்பதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. “யோவ் கிழவா, பாக்கி ஏதாச்சும் இருக்கா? எனக்கு முட்டி வலிக்கறதையும் சொல்லிடேன்!”

மௌரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, நாங்க இருக்கற ரூமுல சுவரே கிடையாது, பலகையும் தார்ப்பாயுந்தான். பூஞ்சைக்கு உக்கார இடமில்லாம அதுவே வேற வீட்டுக்குப் போயிடுச்சு” என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். “நீங்க பூசி வச்சிருந்தாத்தான் எங்களுக்குக் கஷ்டம், அண்ணே. மேல ரெண்டு தளம் எழுப்பணும். குழாய், கரண்டு எல்லாம் புதுசா இழுக்கணும். எப்படியும் சுவரு பூரா கொத்தப்போறோம். உங்க பூச்சுக்கும் காசு கொடுத்து, அதக் கொத்தறதுக்கும் காசு கொடுக்கவா?”

அப்பா அவளையே பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டார். இழுப்புச் சத்தம் இல்லாத மூச்சு. அம்மா வேகமாக உள்ளே போய்க் காபி போட்டாள். பேரம் காபியோடு நடந்தது. அவர்கள் குறைத்துக் கேட்டார்கள், அம்மா ஏற்றினாள், ஆப்தோன் கூரையைப் பார்த்தார், அம்மா கம்பியைப் பார்க்கச் சொன்னாள். பெரியம்மா வீட்டுப் பின்னால் இருக்கும் இரண்டு அறையும் எலுமிச்சை மரமும், அதற்கு மேல் குளிர்காலத்து மருந்துச் செலவும் அடங்கும் ஒரு இடத்தில் வந்து நின்றது. கை கொடுத்துக்கொண்டார்கள்.

பதிவு முடிந்து, ஜூன் கடைசியில் ஒரு காலை லாரி வந்தது. எனக்கு மாலை வகுப்புக்கு இனி பஸ்ஸில் நெடுநேரம் போய்வர வேண்டும். தேர்வு வரை ஒர்த்தென்சியா வீட்டில் வாரத்தில் சில நாள் தங்கிக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிட்டாள், கஞ்சிப் பாத்திரம் கழுவித் தந்தால் போதுமாம். இது சரிப்பட்டு வருமா தெரியவில்லை, ஆனால் அதை நினைத்தால் முன்போல் பயமில்லை. கட்டில், அடுப்பு, அம்மாவின் தையல் மிஷின் எல்லாம் ஏறியாயிற்று. சாவியை வாங்கிக்கொள்ள மௌரா தனியாக வந்திருந்தாள், கையில் ஒரு சாக்குப்பை நிறையக் காலி பாட்டில்கள். அவற்றை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தவள் முன்சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? எதையும் சரி பண்ண வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

“கேளு, மா.”

“அந்தக் குறுக்குக் கோட்ட மட்டும் எடுத்துட்டு ‘இல்லை’ய நல்லா எழுதிடுங்க. இருக்கற வேலைய அப்படியே போட்டுட்டு ஆகஸ்டுல திருவிழாவுக்கு ஊருக்குப் போவோம், வீடு பூட்டிக் கிடக்கும். எங்க ரெண்டு பேருக்கும் எழுத்து அவ்வளவு நல்லா வராது.”

அப்பா லாரிக்குப் போனார். சமையல் சாமான் பெட்டிக்கு அடியிலிருந்து பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் தோண்டி எடுத்தார். லாரிக்காரர் நேரமாகிறது என்று ஹார்ன் அடித்தார். அம்மா லாரி ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, “நீ அடிய்யா ஹாரன, அவருக்குப் பழக்கந்தான்” என்றாள். அப்பா முதலில் நான் எழுதிய கோணல் எழுத்தைச் சுரண்டி எடுத்தார். உதிரும் வெள்ளையின் மேல் எழுதியதால் அது விரல் பட்டதும் வந்துவிட்டது. பிறகு என் குறுக்குக் கோட்டையும் சுரண்டித் துணியால் தேய்த்தார். கடைசியில் ஒற்றைக் கால் மண்டியிட்டு, ‘இல்லை’யின் ஒவ்வொரு எழுத்தையும் அடியிலிருந்து நுனி வரை, பஸ்ஸை மெல்லத் திருப்புகிறவர் போல, தோளையும் சேர்த்துத் திருப்பி எழுதினார். எதிர்ச்சாரியில் கஞ்சி குடித்தவர்கள் குவளையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒர்த்தென்சியா மட்டும் அன்று ஒன்றும் கத்தவில்லை. எழுந்திருக்கும்போது அப்பா தடுமாறி, பெயின்ட் வழிந்த கையைச் சுவரிலேயே ஊன்றினார். ‘இல்லை’க்குக் கீழே அவருடைய உள்ளங்கை அப்படியே விழுந்தது.

“அதயும் அழிச்சிடவா?” என்று மௌராவிடம் கேட்டார்.

“இருக்கட்டும், அண்ணே” என்றாள் அவள்.

லாரியில் முன்னால் நாங்கள் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நகரம் முழுக்க அதே சாம்பல் நிறம். துடைப்பான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தது. எந்தத் துணியில் துடைத்தும் அப்பாவின் கையில் சிவப்புப் போகவில்லை, ஒட்டிக்கொண்டே இருந்தது. எதையும் தொடாமல் விரல்களை விரித்து மடிக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். வழியில் சக்லகாயோ ஊரைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பியபோது, யாரோ மூடியைத் திறந்த மாதிரி சட்டென்று வெயில் வந்து எங்கள் மூன்று பேர் மேலும் விழுந்தது. லாரிக்காரர் துடைப்பானை நிறுத்தினார். அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டினார்.

“என்ன பண்ற, கிழவா? எவனுக்குக் கையக் காட்டற?” என்றாள் அம்மா.

“காய வைக்கிறேன்” என்றார்.

எங்களை முந்திப்போன பஸ்களில் ஜன்னலோரம் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மேட்டில் லாரி திணறி ஏறிக்கொண்டிருந்தது. அவர் கையை உள்ளே எடுக்கவில்லை. ஐந்து விரலும் விரிந்த அந்தச் சிவப்பு உள்ளங்கை வெயிலைப் பார்த்தபடியே வந்தது.